கொச்சீக்கோவின் மேஜர்: ரிச்சர்ட் வால்ட்ரன் கொலை – ஒரு நிகழ்வு ஆய்வு

1689 ஜூன் 27, வியாழக்கிழமை. இன்றைய நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டோவர் ஊரில், கொச்சீக்கோ ஆற்றின் இரு கரைகளிலும் ஐந்து காவல் வீடுகள் இருந்தன. பருத்த மரங்களைச் சதுரமாகச் செதுக்கி அடுக்கிய சுவர், சுற்றிலும் மரவேலி, உள்ளிருந்து தாழிடும் கனத்த கதவு என்று ஒவ்வொன்றும் சிறு கோட்டை மாதிரி. ஆபத்துக் காலத்தில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் இரவில் இங்கே வந்து படுத்துக்கொள்ளும். அன்றிரவும் படுத்திருந்தார்கள். ஆனால் காவலுக்கு ஒருவரும் விழித்திருக்கவில்லை.

மாலையில் பூர்வகுடிப் பெண்கள் இருவர் இருவராக வந்து, அடுப்பங்கரையில் படுத்துக்கொள்ள இடம் கேட்டார்கள். அந்த ஊரில் இது வழக்கம்தான். நான்கு வீடுகளில் இடம் கிடைத்தது. இரவில் வெளியே போகவேண்டி வந்தால் கதவை எப்படித் திறப்பது என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். விடிவதற்கு முன் அந்தக் கதவுகளைத் திறந்துவிட்டது அந்தப் பெண்கள்தான். வெளியே காத்திருந்தவர்கள் உள்ளே பாய்ந்தார்கள். விடிந்தபோது 23 பேர் இறந்திருந்தனர். 29 பேர் கைதிகளாகக் கனடாவை நோக்கி நடந்துகொண்டிருந்தனர். இறந்தவர்களில் முதன்மையானவர் மேஜர் ரிச்சர்ட் வால்ட்ரன். ஊரின் பெரிய வணிகர், நீதிபதி, படைத் தலைவர், சட்டமன்றப் பிரதிநிதி, சில காலம் மாகாணத்தின் தற்காலிகத் தலைவர். வயது எழுபத்து நான்கு.

இதை வெறும் எல்லைப்புறப் படுகொலையாக எழுதிவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். அப்படி எழுதினால் ஒரு விஷயம் புரியாமல் போய்விடும். வந்தவர்கள் மற்ற வீடுகளில் கொன்றார்கள், கொள்ளையடித்தார்கள், தீ வைத்தார்கள். வால்ட்ரனின் வீட்டில் மட்டும் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஏறக்குறைய ஒரு விசாரணையே நடத்தினார்கள். ஏன் என்று கேட்டால் ஐம்பது ஆண்டு பின்னோக்கிப் போகவேண்டும்.

ஆற்றங்கரையில் ஒரு மனிதர்

வால்ட்ரன் இங்கிலாந்தின் வாரிக்‌ஷயரில், ஆல்செஸ்டர் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1615 ஜனவரியில் ஞானஸ்நானம். இருபது வயதையொட்டி நியூ இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1640 வாக்கில் டோவரில் காலூன்றிவிட்டார். ஊரின் பழைய குடியிருப்பு ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய நிலமுனையில் இருந்தது. இவர் அங்கே நிற்காமல் மேலே ஏறி, கொச்சீக்கோ அருவியின் கீழ்ப்படியில் இடம் பிடித்தார். தண்ணீர் விழும் வேகத்தில் மரம் அறுக்கும் ஆலை போட்டார். சுற்றிலும் வெள்ளைப் பைன் காடு. கடலுக்குப் போக ஆறு. பலகைக்கும் பாய்மரத்துக்கும் அட்லாண்டிக் முழுக்கக் கிராக்கி இருந்த காலம் அது. அருவியைப் பிடித்தவன் ஊரைப் பிடித்தான் என்றே சொல்லலாம். ஆலையைச் சுற்றி வேலையாட்களின் வீடுகள் வந்தன, கடை வந்தது. ஊரின் நடுவிடமே மெல்ல அங்கே நகர்ந்தது.

1641-இல் டோவர் மாசசூசெட்ஸ் ஆட்சியின் கீழ் போனது. பாஸ்டனின் சட்டமன்றத்துக்கு 'பொது நீதிமன்றம்' என்று பெயர். சட்டம் இயற்றும், வழக்கும் கேட்கும். 1650களிலிருந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு டோவரின் பிரதிநிதியாக அங்கே போய்வந்தவர் வால்ட்ரன். பலமுறை அவைத்தலைவராகவும் இருந்தார். ஊரில் நிர்வாகக் குழு உறுப்பினர், சிறு வழக்குகளைத் தீர்க்கும் நீதிபதி. ஊர்ப்படையில் கேப்டன், 1670களில் மேஜர்.

ஊர்ப்படை என்பது சம்பளப் பட்டாளம் இல்லை. பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் தம் துப்பாக்கியோடு பயிற்சி நாட்களில் வந்து அணிவகுக்கவேண்டும். அதிகாரி எந்திரத்தனமாக மேலிருந்து விழுபவர் இல்லை. உள்ளூர்ச் செல்வாக்குள்ளவரே அந்த இடத்துக்கு வருவார், பாஸ்டன் ஒப்புதல் தரும். ஆகவே யார் கையில் ஆலையும் கடையும் இருந்ததோ, அவர் கையிலேயே படையும் வந்து சேர்ந்தது. பாஸ்டனுக்கும் இது சௌகரியம். தொலைவான ஓர் ஊரைப் பற்றிக் கவலைப்பட ஒரே ஓர் ஆள் இருந்தால் போதும்.

அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்பதற்கு 1662 டிசம்பரில் ஒரு சாட்சி கிடைக்கிறது. ஆன் கோல்மன், மேரி டாம்கின்ஸ், ஆலிஸ் ஆம்புரோஸ் என்ற மூன்று குவேக்கர் பெண்கள் டோவரில் வந்து பிரசங்கம் செய்தார்கள். கடுமையான சீர்திருத்தக் கிறிஸ்தவர்களான பியூரிட்டன்களின் ஆட்சிக்கு, போதகர் வேண்டாம், உள்ளொளியே வழிகாட்டி என்ற குவேக்கர் சபையினர் என்றாலே ஆகாது. அந்தச் சபையைச் சேர்ந்த மேரி டயரைப் பாஸ்டனில் தூக்கிலிட்டு இரண்டரை ஆண்டுதான் ஆகியிருந்தது. வால்ட்ரன் ஆணை எழுதினார். மூவரையும் வண்டியின் பின்புறம் கட்டி, இடுப்புவரை ஆடை நீக்கி, டோவரிலிருந்து தெற்கே பதினோரு ஊர்கள் வழியாக நடத்திச் சென்று, ஒவ்வோர் ஊரிலும் ஆளுக்குப் பத்துக் கசையடி. கடும் பனிக்காலம். முழுதாக நிறைவேறியிருந்தால் அது மரண தண்டனைதான்.

டோவரிலும் ஹாம்ப்டனிலும் அடித்தார்கள். மூன்றாவது ஊரான சாலிஸ்பரியில், மேஜர் ராபர்ட் பைக்கின் ஆலோசனைப்படி வால்டர் பேர்ஃபுட் என்ற மருத்துவர் தன்னையே துணைக் காவலராக அமர்த்திக்கொண்டு, பெண்களைத் தன் பொறுப்பில் வாங்கி விடுவித்துவிட்டார். இந்த பைக்கும் ஓர் ஊர்ப்படை மேஜர்தான், அதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான் என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும். 'காலம் அப்படி, என்ன செய்வது' என்று வால்ட்ரனுக்குச் சமாதானம் சொல்ல வருபவர்களுக்கு நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில் பதில் இருந்தது. அந்தப் பெண்கள் பிறகு டோவருக்கே திரும்பி வந்தார்கள். ஊரில் குவேக்கர் சபை வேர்விட்டு நின்றது.

தராசும் கைமுட்டியும்

வால்ட்ரனின் இன்னொரு வருமானம் பூர்வகுடிகளோடு நடந்த வணிகம். பெனகூக் மக்கள் மெரிமாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்கள். பீவர் தோலும் மற்ற மென்மயிர்த் தோல்களும் கொண்டுவருவார்கள். துணி, வெடிமருந்து, இரும்புச் சாமான், சட்டத்துக்குப் புறம்பாகச் சாராயம் வாங்கிப் போவார்கள். பெரும்பகுதி கடன் கணக்கில் நடக்கும். பேரேடு வணிகர் கையில். அதைப் படிக்கத் தெரிந்தவரும் அவரே.

1668-இல் பெனகூக் நிலத்திலேயே வால்ட்ரனும் பீட்டர் காஃபினும் நடத்திய வணிகக் கூடத்தில் ஒரு கொலை விழுந்தது. குடித்திருந்த பூர்வகுடி ஒருவன், தாமஸ் டிக்கின்சன் என்ற ஆங்கிலேயரைக் கொன்றுவிட்டான். கொன்றவனைப் பெனகூக் மக்களே தண்டித்துக் கொன்றார்கள். சாராயம் அங்கே எப்படி வந்தது என்று பாஸ்டன் விசாரித்தது. காஃபின் ஒப்புக்கொண்டு 50 பவுண்டு அபராதம் கட்டினார். வால்ட்ரன் தமக்குத் தொடர்பில்லை என்று சத்தியம் செய்து வெளியே வந்துவிட்டார். கூட்டாளிக்குத் தெரிந்தது முதலாளிக்குத் தெரியவில்லையாம்!

அவரைப் பற்றி டோவர் வட்டாரத்தில் இரண்டு கதைகள் வழிவழியாக உண்டு. தோலை நிறுக்கும்போது தன் கைமுட்டியைத் தராசில் வைத்து, 'இது ஒரு பவுண்டு' என்பாராம். கடனைத் தீர்த்தபின்னும் பேரேட்டில் வரியை அடிக்காமல் விட்டுவைப்பாராம். இவற்றுக்கு ஆவணச் சான்று தேடினால் கிடைக்காது; எல்லைப்புற வணிகர் பலரைப் பற்றியும் இதே கதை சொல்வார்கள். ஆனால் 1689-இல் வந்தவர்கள் செய்ததைப் பார்க்கும்போது, குறைந்தபட்சம் அவர்கள் அதை நம்பினார்கள் என்றே தோன்றுகிறது.

இங்கேதான் இந்த வழக்கின் முடிச்சு. கடையில் ஏமாந்த பெனகூக் ஒருவன் எங்கே போய் முறையிடுவான்? நீதிபதியிடம். நீதிபதி வால்ட்ரன். மேல்முறையீட்டுக்குச் சட்டமன்றம் போகலாம்; டோவரின் பிரதிநிதி வால்ட்ரன். உடன்படிக்கை செய்துகொள்ளலாம், எதிரே உட்கார்ந்து கையெழுத்திடுபவரும் வால்ட்ரன். எந்தக் கதவைத் தட்டினாலும் திறப்பவர் ஒரே ஆள்.

1676 செப்டம்பர்

1675 ஜூனில் தெற்கே வாம்பனோக் தலைவர் மெட்டகாம் – ஆங்கிலேயர் வைத்த பெயர் 'கிங் பிலிப்' – தலைமையில் போர் வெடித்தது. நியூ இங்கிலாந்து அதுவரை கண்டிராத அழிவு. இந்தப் போரில் பெனகூக் மக்கள் சேரவில்லை. மூத்த தலைவர் பாஸகோனவே, ஆங்கிலேயரோடு மோதாதீர்கள் என்று சொல்லிப்போயிருந்தார். அவருடைய மகன் வனலன்செட் அதைக் காப்பாற்றினார். போர் நெருங்கியபோது தம் மக்களை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் ஒதுங்கிப்போனார்.

1676 ஜூலை 3-ஆம் தேதி கொச்சீக்கோவில் ஓர் உடன்படிக்கை. ஒருபக்கம் வால்ட்ரன் உள்ளிட்ட மூவர். மறுபக்கம் வனலன்செட், சாக்கோ ஆற்றுத் தலைவர் ஸ்குவாண்டோ முதலானோர். சமாதானம் காப்பது, ஆங்கிலேயரின் எதிரிகளுக்கு இடம் கொடுக்காதிருப்பது என்பன முக்கிய விதிகள். ஆகஸ்ட் 12-இல் மெட்டகாம் கொல்லப்பட்டார். தெற்கில் தோற்றவர்கள் குடும்பம் குடும்பமாக வடக்கே ஓடிவந்து பெனகூக் மக்களிடையே கலந்தார்கள். ஓடிவந்த உறவினருக்குச் சோறு போட்டது உடன்படிக்கையை மீறியதாகுமா? பாஸ்டனின் கணக்கில், ஆகும்.

செப்டம்பர் முதல் வாரம். வால்ட்ரனின் ஆலையைச் சுற்றி ஏறக்குறைய 400 பூர்வகுடிகள் கூடியிருந்தார்கள். ஒரு பகுதியினர் வனலன்செட்டின் மக்கள், மறுபகுதியினர் தெற்கிலிருந்து வந்தவர்கள். சமாதானத்தை நம்பி வந்தவர்கள். அப்போது பாஸ்டனிலிருந்து கேப்டன் ஜோசப் சில், கேப்டன் வில்லியம் ஹாதோர்ன் இருவரும் இரண்டு அணிகளோடு வந்து சேர்ந்தார்கள். போரில் ஈடுபட்ட எவரையும் கண்ட இடத்தில் பிடிக்கவேண்டும் என்பது அவர்களுக்கு ஆணை. வந்ததுமே சண்டையிடத் துடித்தார்கள்.

இதன்பின் நடந்ததற்கு நமக்கு முதன்மையான விவரிப்பாளர் ஜெரமி பெல்க்னாப். டோவரிலேயே போதகராக இருந்தவர். அவருடைய நியூ ஹாம்ப்ஷயர் வரலாற்றின் முதல் தொகுதி 1784-இல் வந்தது. வால்ட்ரன் தர்மசங்கடத்தில் சிக்கினார், ஆணையையும் மீறமுடியவில்லை, வந்தவர்களின் நம்பிக்கையையும் உடைக்க மனமில்லை, ஆகவே ரத்தம் சிந்தாமல் ஓர் உபாயம் கண்டார் என்பது அவர் தரும் சித்திரம். உபாயம் இதுதான்: நாளைக்கு ஒரு விளையாட்டுப் போர் நடத்தலாம், நீங்கள் ஒருபக்கம், எங்கள் படை மறுபக்கம் என்று அழைப்பது. மறுநாள் கூடினார்கள். சில அசைவுகளுக்குப் பிறகு, பூர்வகுடிகளை முதலில் சுடவைத்தார்கள். துப்பாக்கிகள் காலியானதும் ஆங்கிலேய அணிகள் வளைத்துக்கொண்டன. ஒரு குண்டும் உயிரெடுக்காமல் எல்லோரும் நிராயுதபாணிகள் ஆனார்கள். கிட்டரியைச் சேர்ந்த கேப்டன் சார்லஸ் ஃப்ராஸ்ட்டும் இதில் துணைநின்றார்.

பிறகு பிரித்தார்கள். வனலன்செட்டின் ஆட்களுக்கு விடுதலை. 'அந்நியர்' என்று ஒதுக்கிய ஏறக்குறைய 200 பேர் கப்பலில் பாஸ்டனுக்கு. ஆங்கிலேயரைக் கொன்றதாக அறியப்பட்ட ஏழெட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள். மற்றவர்களை வெளிநாடுகளில் அடிமைகளாக விற்றார்கள்.

போலிப் போர் என்ற நாடகம் எல்லா விவரங்களோடும் இப்படித்தான் நடந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. சம்பவத்துக்கு மறு ஆண்டே எழுதிய வில்லியம் ஹப்பர்ட், திட்டமிட்டு ஏமாற்றிப் பிடித்தார்கள் என்ற அளவில் மெச்சி எழுதுகிறாரே தவிர விளையாட்டுப் போரை விவரிக்கவில்லை. என்னைக் கேட்டால், வலை எந்த நூலில் பின்னப்பட்டது என்பது இரண்டாம்பட்சம். சமாதானத்துக்காகக் கையெழுத்திட்ட இடத்திலேயே, கையெழுத்திட்டவரின் அழைப்பின்பேரில் வந்தவர்கள் பிடிபட்டார்கள் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பிடிபட்டவர்களுக்கு அது போதும்.

'மேலிடத்து ஆணை' என்ற வாதத்தையும் அப்படியே விழுங்கமுடியாது. வந்தவர்கள் இருவரும் கேப்டன்கள். இவர் மேஜர், உடன்படிக்கையின் முதல் கையெழுத்துக்காரர், பாஸ்டன் அவையில் இருபது ஆண்டுப் பழக்கம் உள்ளவர். ஆணையை நிறுத்திவைத்துக் கடிதம் எழுத அவருக்கு இடம் இருந்தது. சாலிஸ்பரியின் பைக் அதைவிடக் குறைந்த செல்வாக்கோடு அதைவிடத் துணிச்சலான காரியம் செய்திருந்தார். அன்று உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது உண்மைதான். தவிர்த்த சேதம் பதின்மூன்று ஆண்டு கழித்து வட்டியோடு வந்தது.

1677 பிப்ரவரியில் வால்ட்ரன் 150 பேரோடு மெயின் கடற்கரைக்குப் படையெடுத்துப் போனார். பெமக்குவிட்டில் சமாதானப் பேச்சு. இரு தரப்பும் ஆயுதமின்றி வருவதாக ஒப்பந்தம். பேச்சின் நடுவே பலகைக்கடியில் ஈட்டிமுனை ஒன்று தெரிய, வால்ட்ரன் அதை உருவிக்கொண்டு கூச்சலிட, கைகலப்பாகிச் சிலர் கொல்லப்பட்டார்கள், சிலர் பிடிபட்டார்கள். இம்முறை ஏமாற்ற நினைத்தவர்கள் எதிர்த்தரப்பார் என்பது ஆங்கிலேயரின் கூற்று. இருக்கலாம். ஆனால் முந்தைய செப்டம்பருக்குப் பிறகு, இவரிடம் வெறுங்கையோடு வர யாருக்குத்தான் மனம் வரும்? அதே காலத்தில் அவர் எழுதித் தந்த பொதுப் பிடியாணைகளைக் காட்டிக் கப்பல்காரர்கள் கிழக்குக் கடற்கரையில் போரில் சேராதவர்களையும் பிடித்து அசோர்ஸ் தீவுகளில் விற்றார்கள். அந்தக் கடற்கரைப் பூர்வகுடிகளான வபனாக்கி மக்கள் இதையும் மறக்கவில்லை.

வனலன்செட் 1677-இல் கனடாப் பக்கம் போய்விட்டார்.

மேலே ஏறியவரும் கீழே தள்ளப்பட்டவரும்

நியூ ஹாம்ப்ஷயர் 1680-இல் தனி அரச மாகாணமானது. முதல் தலைவர் ஜான் கட் மறு ஆண்டே இறக்க, துணைத்தலைவராக இருந்த வால்ட்ரன் அந்த இடத்தில் அமர்ந்தார். 1682 அக்டோபரில் லண்டனிலிருந்து ஆளுநர் எட்வர்ட் கிரான்ஃபீல்ட் வந்து இறங்கும்வரை அவரே பொறுப்பு. கிரான்ஃபீல்டுக்கு ஒரு வேலை இருந்தது: மொத்த மாகாணமும் தன் பாட்டனாருக்கு வழங்கப்பட்டது என்று உரிமை கொண்டாடிய ராபர்ட் மேசனுக்குக் குடிகளிடமிருந்து நிலவாடகை வாங்கித் தருவது. குடிகள் மறுத்தார்கள். மேசன் முதல் வழக்கை வால்ட்ரன்மீது போட்டார். பெரியவரைச் சாய்த்தால் மற்றவர் தாமே குனிவார் என்ற கணக்கு.

நடுவர் குழுவினர் மேசனின் குத்தகைதாரர்கள், ஆகவே ஒருபக்கச் சார்பானவர்கள் என்று வால்ட்ரன் ஆட்சேபித்தார். செல்லவில்லை. தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது. தன் எதிராளியே நீதிபதியாக இருப்பது எப்படி இருக்கும் என்று அறுபத்தெட்டு வயதில் அவருக்கே ஒரு பாடம் கிடைத்தது. அதை அவர் அருவிக்கரைக் கடையோடு பொருத்திப் பார்த்ததற்கு அறிகுறி ஏதும் இல்லை. ஒரு சுவாரசியம்: கிரான்ஃபீல்டின் துணை ஆளுநர் வேறு யாருமில்லை, கசையடியிலிருந்து பெண்களைக் காப்பாற்றிய அதே வால்டர் பேர்ஃபுட்.

1685-இல் பெனகூக் தரப்பிலிருந்து சில கடிதங்கள் கிரான்ஃபீல்டுக்குப் போயின. எழுதியவர் கன்கமேகஸ், பாஸகோனவேயின் பேரன், வனலன்செட்டின் அண்ணன்தம்பி வழி மகன், ஆங்கிலேயரிடையே ஜான் ஹாகின்ஸ் என்று அறியப்பட்டவர். மேற்கிலிருக்கும் எதிரிப் பூர்வகுடியினரான மோஹாக்குகள் எங்களைக் கொல்ல வருகிறார்கள் என்று கேள்விப்படுகிறோம், துப்பாக்கியும் மருந்தும் குண்டும் தாருங்கள் என்று உடைந்த ஆங்கிலத்தில், பணிவாகக் கேட்கும் கடிதங்கள். கிரான்ஃபீல்டோ அதே மோஹாக்குகளை வரவழைப்பதைப் பற்றி நியூயார்க்கில் பேசிவிட்டு வந்திருந்தார். இந்த வழக்கில் பூர்வகுடித் தரப்பின் குரல் நேராகக் கேட்கும் அரிய இடம் இந்தக் கடிதங்கள்தாம். நான்கே ஆண்டில் இதே கன்கமேகஸ் டோவர் தாக்குதலின் தலைவர்களில் ஒருவர் ஆனார்.

கதவு திறந்த இரவு

1689 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஆட்சி மாற்றச் செய்தி கேட்டுப் பாஸ்டன் மக்கள் எழுந்து, நியூ இங்கிலாந்து முழுவதற்கும் ஆளுநராக இருந்த ஆண்ட்ரோஸைச் சிறையில் போட்டார்கள். அவர் எல்லையில் நிறுத்திய படைகள் கலைந்தன. நியூ ஹாம்ப்ஷயரில் அரசு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் போர் மூண்டிருந்தது. முந்தைய ஆண்டு ஆண்ட்ரோஸ், வபனாக்கிகளில் ஒரு பிரிவினரான அபெனாக்கிகளின் தலைவருக்கு மருமகனான பிரெஞ்சுக்காரர் சான்-கஸ்டானின் வீட்டைச் சூறையாடியிருந்தார். 1676-இல் விற்கப்பட்டவர்களில் சிலர் எப்படியோ திரும்பி வந்துவிட்டிருந்தார்கள் என்றும் பெல்க்னாப் சொல்கிறார்.

ஊரில் பதற்றம் இருந்தது. புதுமுகங்கள் கடைக்கு வந்து சாமானைவிட வேலியை அதிகம் பார்க்கின்றன என்று சிலர் வால்ட்ரனிடம் போய்ச் சொன்னார்கள். போய்ப் பறங்கிக்கொடி நடுங்கள், அவர்கள் எப்போது எழுவார்கள் என்று நான் சொல்கிறேன் என்றாராம் மேஜர். ஜூன் 27 மாலை, மெசண்டொவிட் என்ற தலைவர் அவர் வீட்டில் விருந்துண்டார். அந்நியர்கள் வந்தால் என்ன செய்வீர்கள் சகோதரரே என்று கேட்டார். விரலை அசைத்தால் நூறு பேர் கூடுவார்கள் என்றார் வால்ட்ரன். நூறு பேர் கூடக்கூடியவர்தான். விரலை அசைக்க விழித்திருக்கவேண்டும்.

உண்மையில் எச்சரிக்கை கிளம்பியிருந்தது. செம்ஸ்ஃபோர்டின் மேஜர் ஹெஞ்ச்மன், தமக்கு நட்பான பூர்வகுடிகள் சொன்ன செய்தியைப் பாஸ்டனுக்கு எழுதினார். குறி கொச்சீக்கோ, குறிப்பாக வால்ட்ரன் என்பதுவரை தெளிவான தகவல். ஜூன் 27 தேதியிட்டு வால்ட்ரனுக்குக் கடிதம் புறப்பட்டது. தூதர் நியூபரி படகுத்துறையில் தாமதப்பட்டார். கடிதம் சேர்ந்தபோது ஊர் எரிந்து முடிந்திருந்தது. இந்தக் கடிதத்தை வைத்து 'அரை நாள் முந்தியிருந்தால்' என்று ஏங்குவது வழக்கம். பறங்கிக்கொடி பதிலைச் சொன்னவர், காகிதத்தைப் படித்துமட்டும் காவல் போட்டிருப்பார் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

காவல் வீடுகளில் ஒன்றான ஹெர்டின் வீட்டில் நாய் குரைத்தது. அங்கே படுத்திருந்த முதியவர் வில்லியம் வென்ட்வர்த் எழுந்து, நுழைய வந்தவர்களைத் தள்ளிக் கதவை அடைத்து, மல்லாந்து படுத்து இரு கால்களாலும் உதைத்துப் பிடித்துக்கொண்டார். குண்டுகள் கதவைத் துளைத்து அவர் தலைக்குமேல் போயின. அந்த வீடு தப்பியது. காஃபினின் மகன் அன்று பெண்களை உள்ளே விடவில்லை. ஆனால் அவர் தந்தையைப் பிடித்துக் கண்ணெதிரே கொல்வதாக மிரட்டியதும் கதவைத் திறந்துவிட்டார். இன்னொரு காவல் வீடான ஓட்டிஸ் வீட்டில் குடும்பத் தலைவரே கொல்லப்பட்டார்.

வால்ட்ரன் சத்தம் கேட்டு வாளோடு பாய்ந்தார். எழுபத்து நான்கு வயதில், வந்தவர்களை இரண்டு மூன்று அறைகள் தாண்டி விரட்டினார். வேறு ஆயுதம் எடுக்கத் திரும்பியபோது பின்னாலிருந்து கைக்கோடரியால் அடித்துச் சாய்த்தார்கள். கூடத்தில் நீண்ட மேசை இருந்தது. அதன்மேல் அவருடைய சாய்வுநாற்காலியைத் தூக்கிவைத்து அதில் அவரை உட்காரவைத்தார்கள். இனி இந்தியர்களுக்கு நீதி சொல்பவர் யார் என்று கேட்டார்கள். வீட்டாரை உணவு பரிமாறச் சொல்லிச் சாப்பிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து, என் கணக்கை அடிக்கிறேன் என்று சொல்லி அவர் மார்பில் குறுக்கே கத்தியால் கீறினார்கள். மூக்கையும் காதுகளையும் அறுத்து அவர் வாயிலேயே திணித்தார்கள். ரத்தம் வடிந்து அவர் சரிந்தபோது, அவர் வாளையே கீழே நிமிர்த்திப் பிடித்தார்கள். கையை வெட்டித் தராசில் வைத்துப் பார்த்தார்கள் என்பது மரபுக்கதையின் சேர்க்கை.

இந்தக் காட்சியைக் காட்டுமிராண்டித்தனம் என்று நூறு பள்ளிப் பாடங்கள் எழுதிவிட்டன. கொடூரம்தான், அதை மழுப்பவேண்டியதில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் நடந்த ஒவ்வொன்றும் அவருடைய ஒவ்வொரு பதவியையும் பெயர் சொல்லி அழைக்கிறது. நீதிபதிக்கு நாற்காலி, வணிகருக்குக் கணக்கு, படைத்தலைவருக்கு வாள். விருந்துக்கு வந்து கதவைத் திறந்ததுகூட 1676-இன் மறுபதிப்புதான்; அன்று அழைத்தவர் பிடித்தார், இன்று அழைக்கப்பட்டவர் பிடித்தார். பதவிகளைத் தனித்தனி ஆட்களிடம் பிரித்து வைத்திருந்தால் ஒருவர்மீதான கோபத்துக்கு இன்னொருவரிடம் வடிகால் கிடைத்திருக்கலாம். டோவர் எல்லாவற்றையும் ஒரே மனிதர்மீது ஏற்றிவைத்தது. தீர்க்கப்படாத வழக்குகள் அத்தனையும் ஒரே நாற்காலிக்கு வந்து சேர்ந்தன.

கண்மூடித்தனமான வெறி என்று சொல்லிவிடவும் முடியாது. எலிசபெத் ஹெர்ட் என்ற விதவை அன்றிரவு படகில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். வால்ட்ரன் வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே இருப்பவர்கள் யார் என்று புரிந்ததும் புதருக்குள் ஒளிந்தார். துப்பாக்கியோடு வந்த ஓர் இளைஞன் அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போனான். 1676-இல் பிடிபடும் வேளையில் ஓர் இளைஞனை ஒளித்துவைத்து அனுப்பியவர் அவர். அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. அது வேறு பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது.

பின்விளைவு

கைதிகள் கனடாவுக்கு நடந்தார்கள். வால்ட்ரனின் பேத்தி சாரா கெரிஷ், ஏழு வயதுக் குழந்தை, கியூபெக் வரை கொண்டுபோகப்பட்டு, 1690-இல் ஆங்கிலேயத் தளபதி வில்லியம் ஃபிப்ஸின் கப்பற்படை அங்கே போனபோது கைதிப் பரிமாற்றத்தில் திரும்பினாள். ஓட்டிஸ் வீட்டின் மூன்று மாதக் குழந்தை கனடாவில் கத்தோலிக்கப் பெண்ணாக வளர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பின் நியூ இங்கிலாந்துக்குத் திரும்பியது.

1690-இல் ஆங்கிலேயப் படைத்தலைவர் பெஞ்சமின் சர்ச் ஆண்ட்ரோஸ்காகின் ஆற்றுக் கோட்டையைத் தாக்கிக் கன்கமேகஸின் மனைவியைச் சிறைப்பிடித்தார். குடும்பத்தை மீட்கவேண்டிய நெருக்கடியில் தலைவர்கள் நவம்பர் 29-இல் ஐந்து மாத இடைக்கால அமைதிக்குக் கையெழுத்திட்டார்கள். கையெழுத்திட்டவர்களில் கன்கமேகஸும் உண்டு. அதே 1690-இல் அரசற்றுக் கிடந்த நியூ ஹாம்ப்ஷயர் ஊர்கள் தாங்களாகவே மீண்டும் மாசசூசெட்ஸ் பாதுகாப்பில் சேர்ந்தன. 1676-இல் துணைநின்ற சார்லஸ் ஃப்ராஸ்ட், அதற்குள் மேஜராகிவிட்டவர், 1697 ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து வீடு திரும்பும் வழியில் மறைந்திருந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வால்ட்ரனின் மகன் ரிச்சர்ட் மாகாணக் குழுவிலும் நீதிபதி இருக்கையிலும் அமர்ந்தார். பேரன் ரிச்சர்ட் மாகாணச் செயலாளரானார். அருவியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பருத்தி ஆலைகள் எழுந்தன. 1675-இல் கட்டப்பட்ட டாம் காவல் வீடு மட்டும் இன்று டோவரின் வுட்மன் அருங்காட்சியகத்தில் ஒரு கூரையின்கீழ் நிற்கிறது. அது மேஜருடைய வீடு இல்லை, அவருடையதை அன்றிரவே கொளுத்திவிட்டார்கள்.